வென்றவர் எழுதிய விலங்கு

ஏடறியாக் காலத்தை ஏட்டில் எழுதுவது எளிதன்று. கல்வெட்டு இல்லை, செப்பேடு இல்லை, சான்று கூறப் புலவனும் இல்லை. எலும்பும் கல்லும் சாம்பலுமே எஞ்சி நிற்கின்றன. அவற்றை இணைத்து உயிரூட்ட முனையும் எழுத்தாளன், இடைவெளிகளைத் தன் உள்ளத்தில் உள்ளதைக் கொண்டே நிரப்புகிறான். எவனை மனிதனென்று மதிக்கிறான், எவனை விலங்கென்று விலக்குகிறான் என்பது அங்கே வெட்டவெளிச்சமாகிவிடுகிறது. படிப்பகங்களில் நண்பர்கள் இத்தகைய நூல்களைப் பற்றிப் பேசும்போது, 'அக்காலம் இப்படித்தான் இருந்ததா?' என்று கேட்கின்றனர். நல்ல கேள்வி. ஆனால், 'இது யார் கண்ணால் கண்ட காலம்?' என்ற கேள்வியையும் அதனோடு சேர்க்க வேண்டும் என்பது நம் கருத்து.

1908-இல் பிரான்சு நாட்டுக் குகையொன்றில் நியாண்டர்தால் மனிதன் ஒருவனின் எலும்புக்கூடு கிடைத்தது. அதை ஆராய்ந்த மார்செலன் பூல், கூனிய முதுகும் வளைந்த முழங்காலும் கொண்ட குரங்கனைய உருவத்தை உலகுக்குக் காட்டினார். அறிவியல் வரைந்த அந்த உருவத்தைக் கதை கைக்கொண்டது. எச். ஜி. வெல்சு, 1921-இல் எழுதிய கதையில் அம்மக்களைக் குழந்தைகளைக் கவர்ந்து செல்லும் கொடிய பூதங்களாகவே தீட்டினார். 1957-இல் அதே எலும்புகளை மீண்டும் ஆராய்ந்த ஸ்ட்ராசு, கேவ் என்னும் இருவர், அம்மனிதன் மூட்டுவாதத்தால் வருந்தியவன் என்று எடுத்துக்காட்டினர். ஒரு நோயாளியின் கூன், ஓர் இனத்தின் இழிவாக எழுதப்பட்டுவிட்டது! அரக்கர் கதையும் அசுரர் கதையும் கேட்டே வளர்ந்த நமக்கு இது புதிய செய்தியா?

வெல்சுக்கு விடை கூற வந்தவர் வில்லியம் கோல்டிங். 1955-இல் வெளிவந்த 'தி இன்ஹெரிட்டர்ஸ்' என்னும் புதினத்தின் முகப்பில் வெல்சின் வரிகளையே இட்டு, நூல் முழுவதையும் அவற்றுக்கு மறுப்பாக ஆக்கினார். கதையை நாம் காண்பது லாக் என்னும் நியாண்டர்தாலின் கண்வழியே. எதிரி வில்லை வளைக்கிறான். கோல் ஒன்று சுருங்கி நீள்வதாக லாக் காண்கிறான். அம்பு மரத்தில் தைக்கிறது. மரத்தில் சுள்ளி முளைத்ததாக எண்ணுகிறான். கொல்ல வந்தவனிடம் கொலை நினைவையே காணத் தெரியாத நெஞ்சம்! இறுதியில் ஆசிரியர் திடீரெனப் பார்வையை மாற்றுகிறார். இதுவரை நாம் உறவாடிய லாக், தொலைவில் தெரியும் செந்நிற உயிரினமாகிறான். 'அவன்' போய் 'அது' வருகிறது. ஒரு மனிதனை விலங்காக்கப் பார்வை மாறினால் போதும் என்பதை இதைவிடக் கூர்மையாகக் காட்டிய நூலை நாம் படித்ததில்லை. குறையும் உண்டு. கொலையறியாத் தூயவர்களாகக் கோல்டிங் காட்டும் அம்மக்கள் தேர்ந்த வேட்டைக்காரர்கள் என்பதை இன்றைய ஆய்வு தெளிவாக்கியுள்ளது. தாழ்த்தப்பட்டவரைப் பேயாக்குவது கொடுமை. அவரையே தேவராக்கினாலும் அவர் மனிதராவதில்லை.

ஜீன் ஆவெல் 1980-இல் எழுதிய 'தி கிளான் ஆஃப் தி கேவ் பேர்' பெரும்புகழ் பெற்றது. நியாண்டர்தால் குழுவொன்று வளர்க்கும் ஏலா என்ற சிறுமி, பெண் ஆயுதம் தொடலாகாது என்ற விதியை மீறிக் கவண் பழகுகிறாள். அந்த மீறலை நாம் மனமாரப் பாராட்டுகிறோம். ஆனால், அக்குழுவினருக்கு ஆசிரியர் வகுத்த இயல்பைக் கவனியுங்கள்! முன்னோர் நினைவு பிறவியிலேயே மூளையில் பொதிந்து வருகிறதாம். ஆணுக்கு ஒன்று, பெண்ணுக்கு ஒன்று. புதியதைக் கற்பது அரிதாம். கற்கும் அறிவும் படைக்கும் ஆற்றலும் பொன்னிற முடியும் நீலக்கண்ணும் கொண்ட ஏலாவுக்கே வாய்க்கின்றன. பிறப்பே தொழிலை வகுக்கும் என்ற இந்த வாதத்தை நாம் எங்கே கேட்டோம்? 1953-இல் சென்னை மாகாணத்தில் வந்து, 1954-இல் மக்கள் எதிர்ப்பால் ஒழிந்த குலக்கல்வித் திட்டத்தின் அடியில் கிடந்ததும் இதுவன்றோ! கதையிலும் அது பொய்யே. 2010-இல் வெளியான மரபணு ஆய்வு, இரு இனங்களும் கலந்தன என்று காட்டியது. ஆப்பிரிக்காவுக்கு வெளியே தோன்றிய மக்களின் மரபணுவில் நூற்றில் ஏறத்தாழ இரண்டு பங்கு, வெல்சு பூதமென்ற அம்மக்கள் தந்தது. தூய இரத்தம் பேசுவோர் இதைப் படிக்கட்டும்.

நம் வாசகர்க்கு நெடுநாள் பழகிய நூல், இராகுல சாங்கிருத்தியாயனின் 'வால்காவிலிருந்து கங்கை வரை'. கண. முத்தையாவின் மொழிபெயர்ப்பால் தமிழில் வேரூன்றியது. கி.மு. 6000-இல் தொடங்கும் முதற்கதையில் குழுவின் தலைவி ஒரு பெண், தனியுடைமை இல்லை, புரோகிதன் இல்லை. இவை என்றும் உள்ளவை அல்ல, இடையில் வந்தவை என்று எண்ணற்ற இளைஞர்க்கு அந்நூல் உணர்த்தியது. அதன் தொண்டு பெரிது. ஆயினும், எல்லாச் சமுதாயமும் தாய்த்தலைமைப் படியேறியே வந்தன என்ற மார்கன், எங்கெல்சு கோட்பாட்டை அது வாய்பாடாகவே ஏற்றது; இன்றைய மானிடவியல் அதை அவ்வாறே ஏற்பதில்லை. மற்றொன்று: தொடக்கக் கதைகள் நடந்து வந்தவர்களின் கதைகள். புல்வெளி மேய்ப்பர் கி.மு. 2000-க்கும் 1500-க்கும் இடையில் இத்துணைக்கண்டம் புகுந்தனர் என்று 2019-இல் மரபணு ஆய்வு கூறியது. வரவைச் சொன்னதில் இராகுலர் பிழைபடவில்லை. ஆனால், முன்பே நகரமைத்து வாழ்ந்தோர் அவர் நூலில் அசுரராக, வந்தவர் கண்ணுக்குத் தெரிந்தபடியே நிற்கின்றனர். வந்தவர் கதை சரி, இருந்தவர் கதை?

அதை எழுத முனையும் தமிழ் இளைஞர்க்கு ஒரு சொல். 1863-இல் இராபர்ட் புரூசு ஃபூட் பல்லாவரத்தில் கற்கருவியைக் கண்டெடுத்தார். அத்திரம்பாக்கத்தின் இடைப் பழங்கற்காலக் கருவிகள் ஏறத்தாழ 3,85,000 ஆண்டுப் பழமை உடையவை என்று 2018-இல் வெளியான ஆய்வு கூறியது. அக்கருவியைச் செதுக்கிய கை தமிழ்க்கை என்று மார்தட்டாதீர்கள். அவன் பேசிய மொழியை அறிந்தார் எவருமில்லை. பொற்காலம் புனைவது புராணிகர் வேலை. அவனுக்குப் பசி இருந்தது, குளிர் இருந்தது, சாதி இருந்ததில்லை. அந்த மனிதனை மனிதனாகவே எழுதுங்கள்.