கட்டணமில்லாக் கல்வியின் கட்டணம்

செல்வர் தம் மக்களுக்குச் சிறந்த கல்வியை நாடுவது இயல்பு என்பர். ஆயின், அவர்கள் நாடுவது கல்வியை மட்டுமன்று. தம் பிள்ளையின் அருகே எவர் பிள்ளை அமரும் என்பதையுமாகும்.

கன்னங்கராவின் முயற்சியால் 1945 இல் இலவசக் கல்வி வந்தது. உதவி பெற்ற பாடசாலைகளை 1960 ஆம் ஆண்டுச் சட்டத்தால் அரசு பொறுப்பேற்றபோது, கல்கிசை சென் தோமஸ் கல்லூரி போன்ற சில தனித்து நின்றன. 1977 க்குப் பின்னர், கம்பனிச் சட்டத்தின்கீழ்ப் பதிவான சர்வதேசப் பாடசாலைகளும் பெருகின. இங்கெல்லாம் வாயிலைக் காப்பது கட்டணம்.

அங்ஙனமாயின், கொழும்பு ரோயல் கல்லூரி போன்ற அரசாங்கப் பாடசாலையையும் செல்வர் விரும்புவதேன்? அனுமதிச் சுற்றறிக்கைகளே விடை பகர்கின்றன. முதலாந் தரத்தில் 50 வீதம் அயலில் வசிப்போர்க்கும், 25 வீதம் பழைய மாணவரின் பிள்ளைகளுக்கும் என இடங்கள் வகுக்கப்பட்டு வந்துள்ளன. கொழும்பு 7 இல் வீடு வாங்க வல்லவர் யாவர்? கட்டணம் ஒழிந்தது, ஆயின் அது காணி விலையாகவும் பரம்பரை உரிமையாகவும் மீண்டும் வந்துவிட்டது.

ஐந்தாந் தரப் புலமைப்பரிசில் வறியவர்க்கும் வழி திறக்கின்றதே எனலாம். உண்மைதான், ஆனால் அது கெட்டிக்காரச் சிலரைத் தோட்டத்துப் பாடசாலையினின்று பெயர்த்தெடுக்கின்றதேயன்றி, அப்பாடசாலையை உயர்த்துவதில்லை. ஒவ்வோர் அயற்பாடசாலையும் நல்ல பாடசாலையாகும் வரை, இலவசக் கல்வியின் போராட்டம் முடிந்ததென நாம் கருதலாகாது.