அரச பணியும் அடியவர் உள்ளமும்

உண்ணும் சோற்றுக்கு உரிய தொழில் ஒருபுறம் இழுக்க, உள்ளம் பற்றிய சமயக் கொள்கை மறுபுறம் இழுக்குமாயின், ஒருவன் செய்யத்தக்கது யாது? பாசறையிலும் மருத்துவமனையிலும் அலுவலகத்திலும் இன்று எழும் இவ்வினா புதியதன்று. அரசனுக்குக் கடமைப்பட்ட அடியவர் மூவரின் வரலாறுகளைப் பாடப் புகுந்த சைவப் புலவர்கள் இதனை முன்னரே எதிர்கொண்டுள்ளனர். அவர்கள் மறுத்தவரைப் போற்றியதோடு அமையாது, மறுப்பின் விலையை யார் செலுத்தினார் என்பதையும் நுணுகி நோக்கினர். இந்நோக்கைத் தெளிந்தாலன்றி அவ்வரலாறுகளின் முழுப்பயன் விளங்காது.

முதலாமவர் திருநாவுக்கரசர். சமணப் பள்ளியில் தருமசேனர் என்னும் பெயரோடு தலைமை பெற்றிருந்த அவர், சூலை நோயின் காரணமாகத் திருவதிகையை அடைந்து சைவரானார். செய்தி அறிந்த பல்லவ மன்னன் அவரை அழைத்துவர அமைச்சரை ஏவினான். தாம் எவர்க்கும் ஆட்பட்டவர் அல்லர் என்று நாவரசர் அவர்களுக்கு விடையிறுத்தார். ஆயினும் வந்தவர்கள் வணங்கி வேண்டியபோது உடன் செல்ல இசைந்தார். இவ்விசைவைச் சேக்கிழார் விடாது கூறுதல் நோக்கத்தக்கது. அரசனது ஆணைக்குப் பணியாதவர், அவ்வாணையை நிறைவேற்ற வந்த ஏவலாளரை இடரில் விட்டுவிடவில்லை. நீற்றறையும் நஞ்சும் யானையும் கல்லும் கடலும் அவர் ஒருவர் உடலுக்கே வந்தன. இங்கே மறுத்தவரே விலையையும் ஏற்றார்; ஆதலின் படிப்போர் உள்ளத்தில் ஐயம் எழுதற்கு இடமில்லை.

இரண்டாமவர் திருவாதவூரர். இவர் வரலாறு அத்துணை எளிதன்று. தென்னவன் பிரமராயன் என்னும் பட்டம் பெற்ற பாண்டியன் அமைச்சர், குதிரை வாங்கக் கொண்டு சென்ற அரசன் பொருளைத் திருப்பெருந்துறையில் திருப்பணிக்கும் அடியார்க்கும் செலவிட்டார். 'இப்பணி எனக்கு ஆகாது' என்று அவர் அரசனிடம் கூறவில்லை. இறைவன் பணித்தவாறு, குதிரைகள் ஆவணி மூலத்தில் வரும் என்றே கூறினார். பொருள் அரசனது, அதனைத் திரட்டித் தந்தவர் குடிகள். இச்செயல் நம்பிக்கைக் கேடு ஆகாதோ என வினவுவார் உளர். பத்தியின் பெருமையைக் கூறி இவ்வினாவை ஒதுக்கிவிடுதல் திறனாய்வு ஆகாது.

பரஞ்சோதி முனிவரின் திருவிளையாடற் புராணம் இவ்வினாவை மறைக்கவில்லை. நரிகள் பரிகளாகி வந்தன. இரவில் மீண்டும் நரிகளாகி, இலாயத்தில் நின்ற ஏனைக் குதிரைகளையும் கடித்தன. பாண்டியன் அமைச்சரை ஒறுக்க, வைகை பெருகி நகரை அழிக்கப் புகுந்தது. கரையை அடைக்கும் பொறுப்புக் குடிதோறும் பங்கிடப்பட்டது. அமைச்சரையும் குதிரையையும் பற்றி ஒன்றும் அறியாத, பிட்டு விற்று வாழ்ந்த, துணையற்ற கிழவியாகிய வந்திக்கும் ஒரு பங்கு வந்தது. ஒருவர் மறுத்த பணியின் சுமை, ஈற்றில் ஊரின் மிக எளியவள் தலைமேல் வந்து விழுந்தமையைப் புலவர் இவ்வாறு காட்டுகின்றார்.

அச்சுமையை இறக்குதற்கு இறைவனே கூலியாளாக வருகின்றான். அவனும் ஏற்ற வேலையைச் செய்யவில்லை! பிட்டைத் தின்று, ஆடி, உறங்கிப் பொழுது போக்குகின்றான். பாண்டியன் பிரம்பால் அடித்த அடி, அடித்தவன் உட்பட எல்லார் முதுகிலும் படுகின்றது. அதன் பின்னர் அவன் கொட்டிய ஒரு கூடை மண்ணால் கரை அடைபடுகின்றது. இதனை வெறும் அற்புதமாகக் கொள்ளின் பொருள் குறையும். அடியவன் ஒருவனால் ஊருக்கு வந்த கடனை ஆண்டவன் தானே தலையிற் சுமந்து தீர்த்தான் என்பதே இதன் உட்கிடை. கடன் இல்லையென்று புலவர் கருதியிருப்பின், மண் சுமக்கும் காட்சிக்கு இத்துணை இடம் தந்திரார். வாதவூரர் அமைச்சுரிமையைத் துறப்பது எல்லாவற்றுக்கும் பின்னரே நிகழ்கின்றது. முதலில் நிகழ்ந்திருக்க வேண்டிய துறவு அது.

மூன்றாமவர் பரஞ்சோதியார். வாதாபியை அழித்து மீண்ட இப்படைத்தலைவர் எதனையும் மறுக்கவில்லை. அவர் சிவனடியார் என்பதை அமைச்சர் வாயிலாக அறிந்த மன்னனே நடுங்குகின்றான். அடியார் ஒருவரைக் கொடும்போரில் ஏவிவிட்டேனே என்று வருந்திப் பொறுத்தருள வேண்டுகின்றான். தமக்குரிய தொழிலையே தாம் செய்ததாகவும் அதனால் தீங்கு யாதெனவும் பரஞ்சோதியார் வினவுகின்றார். மன்னனோ பெரும்பொருள் அளித்து அவரைப் படைத்தொழிலினின்றும் விடுவிக்கின்றான். ஏவப்பட்டவன் உள்ளத்தில் எழாத உறுத்தல் ஏவியவன் உள்ளத்தில் எழுந்தது. சேக்கிழார் தாமும் அநபாயன் எனப்பட்ட இரண்டாம் குலோத்துங்கனின் அமைச்சராய் இருந்தவர். ஆணையிடுவோனுக்கும் மனச்சான்று வேண்டும் என்பதை அரண்மனையை அறிந்த ஒருவர் பாடினார் என்று எண்ணும்போது இப்பகுதி தனிச்சிறப்புப் பெறுகின்றது.

ஆயின் மறுக்க அறியாத இவ்வுள்ளத்துக்கு மறுபக்கமும் உண்டு. சிறுத்தொண்டராகிய அதே பரஞ்சோதியார், பைரவக் கோலத்தார் பிள்ளைக்கறி கேட்டபோதும் மறுத்திலர். வாதாபியில் வாள் எடுத்த கை மனையிலும் வாள் எடுத்தது. கற்போர் உள்ளம் இங்கு நடுங்குதல் இயல்பே. அந்நடுக்கத்தைப் பத்திக் குறைவு என்றல் பொருந்தாது. அங்கே மன்னன் பணியாளனை விடுவித்தான். இங்கே இறைவன் சீராளனை மீட்டளித்தான். எல்லையற்ற பணிவைக் கண்டபோது, அதனை ஏற்றவரே அதற்கு எல்லை இட்டனர்.

இம்மூன்று வரலாறுகளையும் ஒருங்கு நோக்கின் ஓர் அளவுகோல் கிடைக்கின்றது. கொள்கைக்காகப் பணியை மறுப்போன் அதன் இழப்பைத் தான் ஏற்றல் வேண்டும். அதனை வந்தி போன்றோர் தலையில் ஏற்றுதல் தகாது. பணியிடுவோனும் பிறன் உள்ளத்தை அறிந்து ஏவுதல் வேண்டும். பெரியபுராணத்தை வசனமாக்கிய ஆறுமுக நாவலர் இவ்வளவுகோலுக்குத் தம் வாழ்வையே சான்றாக்கினார். பார்சிவல் பாதிரியாரின் கல்லூரியில் ஆசிரியராயும் விவிலிய மொழிபெயர்ப்பில் துணைவராயும் இருந்த அவர், தம் சமயப்பணிக்கு அவ்வேலை தடையாதலை உணர்ந்தபோது, வேலையில் இருந்துகொண்டே அதனை நெகிழவிடவில்லை. 1848ஆம் ஆண்டில் வேலையையும் ஊதியத்தையும் ஒருங்கே துறந்தார். வண்ணார்பண்ணையில் அவர் கண்ட சைவப்பிரகாச வித்தியாசாலை, பிறர் எவர் மீதும் கடன் ஏற்றாத ஒரு மறுப்பின் விளைவாகும்.