இடதுகைச் சக்கரம்

லண்டன் மைடா வேல் ஸ்டுடியோவில் பிபிசி சிம்பொனி இசைக்குழுவினர் சுரம் சுரமாக வாசித்துக் கொடுத்த ஒலித்தொகுப்பு. ஸ்பிட்ஃபயர் ஆடியோ 2019இல் வெளியிட்டது. முதல் நாள் கணினியில் அதன் செல்லோவைத் திறந்து கீபோர்டின் கட்டையை அழுத்தினேன். சுரம் சுத்தம், உயிர் இல்லை. ஓங்கி அழுத்தினாலும் நீண்ட சுரம் ஒரே கனத்தில் நின்றது.

நீண்ட சுரங்களுக்கு விரலின் வேகம் பொருட்டே அல்ல என்பது பிறகுதான் பிடிபட்டது. வில்லின் அழுத்தம் இருப்பது கீபோர்டின் இடப்பக்கத்து மாடுலேஷன் சக்கரத்தில். கீபோர்டும் கணினியும் பேசிக்கொள்ளும் மிடி மொழியில் அது 1ஆம் எண் கட்டுப்பாடு. மெல்ல மேலே தள்ளினால், மென்மையாக வாசித்த பதிவு கரைந்து வன்மையாக வாசித்தது எழுகிறது. சத்தம் மட்டுமா கூடுகிறது? நாதத்தின் நிறமே மாறுகிறது! 11ஆம் எண் வெறும் ஒலியளவுக்கு. திரைக் குமிழில் வலது கிளிக் செய்து கீபோர்டின் ஸ்லைடரை அசைத்தால் குமிழும் ஸ்லைடரும் பிணைந்துகொள்ளும்.

கீழ்க்கோடிக் கட்டைகள் வில்லா, சுண்டலா, துள்ளலா என்று வாசிப்பு முறையை மாற்றுகின்றன. அதெல்லாம் ஒரு மணி நேரப் பாடம். சக்கரத்துக்குத்தான் வாரக்கணக்கு. நேற்றிரவு ஒற்றைச் சுரத்தை எட்டு எண்ணிக்கைக்கு ஏற்றி இறக்கினேன். வாசித்தவரின் வில் திரும்புவது கேட்டது.