அந்த 15 மில்லிமீட்டர்

என் இடது காலுக்கு இப்படி ஒரு சந்தோஷம் காத்திருந்தது எனக்குத் தெரியாமலேயே போயிருக்கும். மூன்று மாதமாக என் 1992 மாஸ்டா மியாட்டாவில் ஏறி உட்கார்ந்ததும், சாவியைத் தொடுவதற்கு முன்பே கிளட்சை ஒருமுறை மிதித்து விடுகிறேன். அவ்வளவு இதம்!

பழைய கிளட்ச் கைவிட்டது ஹைவே 9-இல். கலிஃபோர்னியாவின் சாரட்டோகாவிலிருந்து சான்டா குரூஸ் மலைகளுக்குள் ஏறும் அருமையான சாலை. நான்காவது கியரில் ஆக்சிலேட்டரை மிதித்தேன். எஞ்சின் சத்தம் மேலே போனது, வண்டி போகவில்லை. கிளட்ச் பிளேட் தேய்ந்து வழுக்குகிறது என்பது அந்த நொடியே புரிந்துவிட்டது.

ஸ்போர்ட்ஸ் கார் என்று சொன்னால் போதும், ஆளாளுக்கு ரேஸ் கிளட்சைக் கை காட்டுகிறார்கள். எனக்கும் ஆசைதான். நல்ல வேளையாக, இதே மாடல் வைத்திருக்கும் நண்பர் தன் வண்டியை ஒரு மாலை ஓட்டத் தந்தார். அவர் போட்டிருந்தது ஆறு செராமிக் துண்டுகள் பதித்த பிளேட். நடுவில் அதிர்வு தாங்கும் ஸ்பிரிங்குகள் கிடையாது. பந்தயத் தடத்தில் அது சிங்கம். 280 நெடுஞ்சாலையின் ஆறு மணி நெரிசலிலோ, ஒன்று விடுகிறது, இல்லையென்றால் சட்டென்று கவ்வுகிறது. ஹாஃப் கிளட்ச் என்ற இடமே அதில் இல்லை. ஒவ்வொரு நகர்வுக்கும் வண்டி முழுக்க ஓர் உதறல். இறங்கும்போதே முடிவு செய்துவிட்டேன், என் வண்டிக்கு இது வேண்டாம்.

பிறகுதான் கணக்கைப் பார்த்தேன், பார்த்துச் சொக்கிப் போனேன். கிளட்ச் எவ்வளவு முறுக்குவிசையைத் தாங்கும் என்பதைத் தீர்மானிப்பவை நான்கே விஷயங்கள்: உராயும் பக்கங்கள் எத்தனை, உராய்வு எவ்வளவு, பிரஷர் பிளேட் எவ்வளவு அழுத்துகிறது, அந்தப் பிடி மையத்திலிருந்து எவ்வளவு தூரத்தில் விழுகிறது. ஒற்றைப் பிளேட்டுக்குப் பக்கம் எப்போதும் இரண்டுதான். உராய்வைக் கூட்ட செராமிக்குக்குப் போனால் கவ்வல். அழுத்தத்தைக் கூட்டினால் பெடல் கல்லாகும். ஒவ்வொரு மிதிக்கும் கிராங்க் ஷாஃப்டின் த்ரஸ்ட் பேரிங் கூடுதல் சுமை வாங்கும். தூரத்தைக் கூட்டினால்? கால் எதையும் விலையாகக் கொடுக்க வேண்டியதில்லை!

மியாட்டாக்காரர்களுக்கு இங்கேதான் அதிர்ஷ்டம். என்னுடைய 1.6 லிட்டர் எஞ்சினோடு வந்த பிளேட் 200 மில்லிமீட்டர். 1994-இல் வந்த 1.8 லிட்டர் வண்டியில் அதுவே 215. அந்தப் பெரிய பிளேட் உரச வேண்டிய 1.8-இன் பிளைவீல் என் கிராங்க்கில் அப்படியே உட்காரும். ஆரம் ஏழரை சதவீதம் கூடுகிறது, பிடியும் ஏறக்குறைய அந்த அளவுக்குக் கூடும். வெப்பம் பரவவும் தேயவும் பரப்பு அதிகம். 116 குதிரைத்திறன், ஆயிரம் கிலோவுக்கும் குறைந்த எடை என்றிருக்கும் வண்டிக்கு இதற்கு மேல் என்ன வேண்டும்? கண்ணை மூடிக்கொண்டு எக்செடியின் 215 மில்லிமீட்டர் ஆர்கானிக் கிட்டை வாங்கினேன்.

பெட்டியைப் பிரித்து அந்தப் பிளேட்டைக் கையில் வைத்துக்கொண்டு அரை மணி நேரம் உட்கார்ந்திருந்தேன். நடுவில் வட்டமாகச் சுருள் ஸ்பிரிங்குகள். எஞ்சினின் துடிப்பை கியர்பாக்ஸுக்குப் போகவிடாமல் விழுங்குபவை அவை. அதைவிட அழகு, இரண்டு உராய்வுப் பரப்புகளுக்கும் நடுவே அலை அலையாக வளைந்திருக்கும் மெல்லிய எஃகுத் தகடுகள். பெடலை விட விட அந்த அலைகள் மெல்ல மெல்லத் தட்டையாகின்றன, அதற்கேற்பப் பிடி ஏறுகிறது. நாம் ஹாஃப் கிளட்ச் என்று சொல்லும் சுகம் முழுக்க அந்த அலைகளுக்குள் இருக்கிறது! கண்ணுக்குத் தெரியாத இடத்தில் இப்படி ஒரு நுணுக்கத்தை வைத்த கைகளைக் கும்பிடத் தோன்றியது.

எடை குறைந்த பிளைவீலையும் யோசித்தேன். வேண்டாம் என்று விட்டுவிட்டேன், ஏனென்றால் சிக்னலில் கிளம்பும்போது பிளைவீலின் கனம்தான் எஞ்சினை அணையவிடாமல் தாங்குகிறது. பழைய 1.8 பிளைவீல் ஒன்றை வாங்கி முகத்தைக் கடைந்து சமமாக்கினோம்.

கியர்பாக்ஸையும் டிஃபரென்ஷியலையும் இணைக்கும் நீளமான அலுமினியச் சட்டத்தைக் கழற்றி, கியர்பாக்ஸை இறக்கித்தான் கிளட்சைத் தொட முடியும். உதிரிப்பாகத்தை விடக் கூலி அதிகம். ஆகவே இறக்கிய கையோடு ரிலீஸ் பேரிங், பைலட் பேரிங், கிராங்க்கின் பின் ஆயில் சீல், கூடவே ஸ்லேவ் சிலிண்டர் என்று எல்லாவற்றையும் மாற்றும்படி மெக்கானிக்கிடம் சொன்னேன். இந்த வண்டிகளில் ஸ்லேவ் சிலிண்டர் கசிவது வாடிக்கை. பிளேட் மட்டும் மாற்றினால் போதும் என்று யாராவது சொன்னால் தயவுசெய்து கேட்காதீர்கள்.

முதல் 800 கிலோமீட்டர் ஊருக்குள்ளேயே பதமாக ஓட்டிப் பழக்கினேன். பிறகு மறுபடி ஹைவே 9. மூன்றாவது கியர், வளைவு, இரண்டாவது, மறுபடி மூன்றாவது. வெண்ணெயில் கத்தி இறங்குவது போல. குதிரையும் வீரனும் ஓருடல் என்ற பொருளில் மாஸ்டாக்காரர்கள் 'ஜின்பா இட்டாய்' என்பார்கள். அதை அன்றைக்குத்தான் காலால் உணர்ந்தேன்.

போன ஞாயிறு, ஆட்டோமேட்டிக் மட்டுமே ஓட்டிப் பழகிய என் மகளைக் காலியான பார்க்கிங்கில் உட்கார வைத்தேன். ஆக்சிலேட்டரைத் தொடாதே, கிளட்சை மட்டும் மெதுவாக விடு என்றேன். வண்டி ஒரு சின்ன உதறல்கூட இல்லாமல் நகர ஆரம்பித்தது. "அப்பா, எந்த இடத்துல பிடிக்குதுன்னு காலுக்கே தெரியுதுப்பா!" என்று கத்தினாள்.