பூவும் பொட்டுமாய்ப் போனவள்

சின்ன ஊர் ஒன்றின் பேருந்து நிலையச் சுவரை ஒரு வாரம் தொடர்ந்து வாசித்தால் போதும், இறந்துபோன அம்மாக்களைப் பற்றி நாம் என்ன சொல்ல விரும்புகிறோம் என்பது தெரிந்துவிடும். கண்ணீர் அஞ்சலிச் சுவரொட்டிகளைச் சொல்கிறேன். இறந்தவர் ஆண் என்றால் பெயருக்குக் கீழே ஓய்வுபெற்ற தலைமையாசிரியர், அரிசி ஆலை உரிமையாளர், முன்னாள் கவுன்சிலர் என்று ஏதாவது ஒன்று இருக்கும். பெண் என்றால் இன்னாரின் மனைவி, இன்னாரின் தாயார். படம் யாரோ ஒருவருடைய கல்யாண ஆல்பத்திலிருந்து வெட்டி எடுத்ததாக இருக்கும். பக்கத்தில் நின்றவரின் தோள் கொஞ்சம் மிச்சமிருக்கும். 'மறைவு' நாள் கிழமையோடு துல்லியமாக இருக்கும். 'தோற்றம்' என்ற இடத்தில் பல நேரம் வெறும் ஆண்டுதான். அதன் கீழே பாசத்தின் சிகரம், தியாகச் சுடர், குடும்ப விளக்கு. ஒரு அம்மாவின் சுவரொட்டியிலுள்ள வாசகத்தை இன்னொரு அம்மாவின் படத்துக்குக் கீழே ஒட்டிவிட்டால் பெற்ற பிள்ளைகளுக்கே வித்தியாசம் தெரியாது. ஒரு வாழ்க்கையைப் பற்றிய எழுத்து, எந்த வாழ்க்கைக்கும் பொருந்துமானால் அது யாரைப் பற்றியது?

இது அச்சகக்காரரின் குற்றமல்ல. தமிழில் தாயைப் பாடிய மரபு அவருக்குக் கொடுத்த சொற்கள் இவைதாம். பட்டினத்தார் தாயின் உடலுக்குத் தீ மூட்டும்போது பாடியதாகச் சொல்லப்படும் பத்து வெண்பாக்களை எடுத்துக்கொள்ளுங்கள். எல்லாவற்றையும் துறந்தவரால் அம்மாவைத் துறக்க முடியவில்லை என்று நாம் உருகி உருகிப் பாடம் நடத்துகிறோம். நானும் நடத்தியிருக்கிறேன், குரல் உடையத்தான் செய்யும். ஆனால் அந்தப் பாடல்களில் தாயின் பெயர் இல்லை. அவள் சுமந்தாள், நொந்தாள், பெற்றாள், பாலூட்டினாள், கொஞ்சினாள். மகன் கருவில் வந்த நாளில் அவளுடைய வாழ்க்கை தொடங்குகிறது. அதற்கு முன்னால் அங்கே ஒரு பெண் இருந்த தடயமே கிடையாது. புறநானூற்றின் மறக்குடித் தாயர் பாடல்கள் வேறொரு உலகம்தான், அவற்றைப் பாடியவர்களில் பெண்களும் உண்டு. என்றாலும் அங்கும் தாயின் பெருமை மகனுடைய மார்புக் காயத்தில்தான் எழுதப்படுகிறது.

'குடும்ப விளக்கு' என்ற சொல்லுக்கு நேர்ந்ததுதான் எனக்கு அதிகம் வலிக்கிறது. மனைக்கு விளக்கு என்ற உருவகம் சங்கப் பாட்டிலேயே உண்டு. அதை வீட்டுக்கு வீடு கொண்டு சேர்த்தது பாரதிதாசனின் நூல். அதன் முதற்பகுதி தங்கம் என்ற இல்லத்தரசியின் ஒருநாள் நிகழ்ச்சி. விடியலில் எழுவதிலிருந்து இரவு படுக்கும்வரை அவள் செய்யும் வேலைகளை ஒன்றுவிடாமல் அடுக்குகிறார் கவிஞர். ஒரு பெண்ணின் சாதாரண நாள் ஒன்றை இவ்வளவு நீளத்துக்குப் பாடத் தகுந்ததாகக் கருதியதே பெரிய காரியம். தங்கத்தின்மேல் எனக்குப் புகாரும் உண்டு. அவள் களைப்பதே இல்லை. பால் பொங்கி வழிவதில்லை, பிள்ளை முதுகில் ஒரு அடி விழுவதில்லை. மாமியாரைப் பற்றி ஒரு முணுமுணுப்புகூடக் கிடையாது. அவள் கற்ற கல்வி முழுக்க வீட்டைச் சிறப்பாக நடத்தவே பயன்படுகிறது. எந்தப் பெண்ணாலும் வாழ்ந்துவிட முடியாத ஒரு நாள் அது.

ஆனாலும் அந்த நாளின் முடிவில் ஒன்று நடக்கிறது. எல்லா வேலையும் ஓய்ந்த இரவில் தங்கம் கணவனிடம் ஒரு கேள்வி கேட்கிறாள்: விடிந்ததிலிருந்து இருட்டும்வரை நம் நலத்தையே சேர்த்துக்கொண்டிருக்கிறோமே, பொதுநலத்துக்கு இதுவரை என்ன செய்தோம்? சமையலறையிலிருந்து நேரே எழுந்துவரும் கேள்வி. அவளுக்குள் வீட்டை விடப் பெரிய ஓர் இடம் இருந்திருக்கிறது. பகல் முழுக்க, அம்மியின் முன்னாலும் அது இருந்திருக்க வேண்டும். நம் ஊர்ச் சுவரொட்டிகள் தங்கத்தின் பகலை எடுத்துக்கொண்டு இரவை விட்டுவிட்டன. விளக்கு என்று பட்டம் கொடுத்தோம், கேட்ட கேள்வியை அணைத்தோம்.

அம்மாக்களின் அர்ப்பணிப்பை நான் மறுக்கவில்லை. அடுத்தவர் பசியறிந்து சமைப்பதில் நிஜமாகவே மகிழ்ந்த பெண்களை எனக்குத் தெரியும். தியாகம் என்ற ஒற்றைச் சொல் அவர்கள் செய்த வேலைகள் அத்தனையையும் விழுங்கிவிடுகிறது என்பதுதான் என் சிக்கல். தியாகத்துக்கு மணிக்கணக்கு கிடையாது, வேலைக்கு உண்டு. ஒன்றிய அரசின் 2019ஆம் ஆண்டு நேரப் பயன்பாட்டுக் கணக்கெடுப்பின்படி, ஊதியமில்லாத வீட்டு வேலைகளில் ஈடுபடும் பெண்கள் நாளொன்றுக்குச் சராசரியாக 299 நிமிடம் செலவிடுகிறார்கள். அவற்றில் ஈடுபடும் ஆண்கள் 97 நிமிடம். 2024இல் எடுத்தபோது பெண்களுக்கு அது 289 நிமிடமாகியிருந்தது. ஐந்து ஆண்டில் பத்து நிமிட விடுதலை!

சட்டம் இந்த உழைப்பைக் காசாக எண்ணிப் பார்த்த இடம் எது தெரியுமா? சாலை விபத்து வழக்கு. 1988ஆம் ஆண்டு மோட்டார் வாகனச் சட்டத்தின் இரண்டாம் அட்டவணை, வருமானமில்லாத மனைவி இறந்துபோனால் சம்பாதிக்கும் கணவனின் வருமானத்தில் மூன்றில் ஒரு பங்கை அவளுடைய வருமானமாகக் கொள்ளலாம் என்றது. உயிரோடிருந்தவரை சும்மா வீட்டில் இருந்தவள், லாரி மோதிய பிறகு மூன்றில் ஒரு பங்கு ஆனாள். 2021இல் உச்ச நீதிமன்றம் இல்லத்தரசிகளுக்குக் கற்பித வருமானம் கணக்கிடுவதன் நியாயத்தை விரிவாகவே பேசியது. அதுவும் ஒரு விபத்து வழக்குதான். உயிரோடிருப்பவளைக் கணக்கில் எடுத்தது 2023இல் வந்த ஒரு சென்னை உயர் நீதிமன்றத் தீர்ப்பு. கணவன் சம்பாதித்து வாங்கிய சொத்தில் வீட்டைக் கவனித்துக்கொண்ட மனைவியின் உழைப்பும் அடங்கியிருக்கிறது, அவளுக்கும் பங்குண்டு என்றது. அதே ஆண்டு செப்டம்பரில் தொடங்கிய மாதம் ஆயிரம் ரூபாய்த் திட்டத்துக்கு 'உரிமைத் தொகை' என்று பெயர் வைத்ததையும் சொல்ல வேண்டும். தொகை சிறியது. 'உதவித் தொகை' என்று வைக்காமல் விட்டதில் அரசியல் இருக்கிறது.

எழவு வீட்டில் பெண்கள் சொல்லும் ஒரு வாக்கியம் உண்டு: "கொடுத்து வச்சவ, பூவும் பொட்டுமாப் போயிட்டா." இதைவிடக் கறாரான வாழ்க்கை வரலாறு வேறில்லை. ஐம்பது ஆண்டுகள் அடுப்படியில் நின்றவளின் சாதனையாக எஞ்சுவது கணவனுக்கு முன்னால் செத்தது. அதே வீட்டில், அதே பெண்கள், சற்று நேரத்துக்கு முன் வேறொரு மொழியில் பேசிக்கொண்டிருந்தார்கள் என்பதுதான் வேடிக்கை. மகள் பாடும் ஒப்பாரியில் தாய் பட்ட பாடு வரும். அண்ணி முகம் சுளிப்பாளே, இனி எந்த வாசலுக்கு நான் போவேன் என்ற கணக்கு வழக்கு எல்லாம் வரும். சுவரொட்டி சொல்லாததை ஒப்பாரி சொன்னது. ஃப்ரீசர் பெட்டி வந்து, ஒலிபெருக்கியில் சிவபுராணம் ஓடத் தொடங்கிய 'படித்த' வீடுகளில் இன்று ஒப்பாரி வைப்பது கூச்சமாகிவிட்டது. மகள்கள் வாயைப் பொத்திக்கொண்டு அழுகிறார்கள்.

வேறு மாதிரிப் பார்த்த ஒரு பாட்டும் நம்மிடம் இருக்கிறது. குறுந்தொகையின் 167ஆம் பாடல், கூடலூர் கிழார் எழுதியது. முற்றிய தயிரைப் பிசைந்த விரலை உடுத்திய துணியிலேயே துடைத்துக்கொண்டு, அதைத் துவைக்கவும் நேரமில்லாமல், கண்ணில் தாளிப்புப் புகை மணக்க ஒரு பெண் புளிக்குழம்பு வைக்கிறாள். கணவன் இனிதென்று உண்கிறான். அவள் முகம் மிக லேசாக மலர்கிறது. இல்லறத்தின் மாண்பு என்று தேர்வுக்கு எழுதிவிட்டுப் போய்விடுகிறோம். ஆனால் இதைச் சொல்பவள் செவிலி, கேட்பவள் பெற்ற தாய். மகள் வீட்டுக்குப் போய் வந்தவள் கைவிரலையும் சேலையின் கறையையும் கண் எரிச்சலையும் பார்த்து வந்து சொல்கிறாள். பெண் நல்லவள், பொறுமைசாலி என்று ஒரு சொல் இல்லை. வேலை இருக்கிறது, வேலை செய்த உடம்பு இருக்கிறது. சமைத்தவள் சாப்பிட்டாளா என்பது மட்டும் பாட்டில் இல்லை.

இந்தப் பாட்டை நடத்திய கையோடு முதுகலை மாணவிகளுக்கு ஒரு பயிற்சி கொடுத்தேன். அம்மாவைப் பற்றி இரண்டு பக்கம் எழுத வேண்டும். பாசம், தியாகம், பொறுமை, தெய்வம் நான்கும் தடை. முதல் வாரம் பாதிப்பேரால் ஒரு பத்திகூட எழுத முடியவில்லை. பிறகு வந்தன. டைப்ரைட்டிங் லோயர் பாஸான சான்றிதழை வீட்டுப் பத்திரத்தோடு பிளாஸ்டிக் உறைக்குள் வைத்திருக்கும் அம்மா. வார இதழ்த் தொடர்கதைகளைக் கிழித்துச் சேர்த்து பைண்டு செய்து, முதல் பக்கத்தில் கல்யாணத்துக்கு முந்தைய இனிஷியலோடு பெயரெழுதி வைத்த அம்மா. நாள்காட்டித் தாளின் பின்பக்கத்தில் சீட்டுப் பணமும் சிலிண்டர் வந்த தேதியும் குறிக்கும் அம்மா. சீர்ப் பாத்திரங்களில் பெயர் வெட்டியிருக்கும் அம்மா; எவர்சில்வர் குடத்தில் தவிர அந்தப் பெயர் அந்த வீட்டில் வேறெங்கும் இல்லை என்று எழுதியிருந்தாள் அவள் மகள்.

ஒரு மாணவி, அம்மா தன் மாமியாரோடு மூன்று வருஷம் பேசாமல் ஒரே சமையலறையில் சமைத்ததை எழுதியிருந்தாள். ஊரில் பொறுமைசாலி என்று பெயரெடுத்தவராம். வீட்டில் அதைப் படித்த அண்ணன், அம்மாவை அசிங்கப்படுத்துகிறாய் என்று கத்தியிருக்கிறான். அவள் தாளைக் கொண்டுபோய் அம்மாவிடமே கொடுத்துவிட்டாள். அடுத்த வாரம் என் மேசைக்கு வந்த தாளில், 'மூன்று வருஷம்' என்பதை நீல மையில் அடித்து, மேலே நடுங்கிய எழுத்தில் 'நாலு' என்று திருத்தியிருந்தது.