பந்தை எடுத்துவிட்டால் பாடம் மாறுமா?

தமிழ்ப்பள்ளி வகுப்புகளில் பீடிகைக்கு அடிக்கடி கைகொடுப்பது பந்துதான். பாட்டு ஒலிக்கும், பந்து கைமாறும், பாட்டு நின்றதும் பந்து வைத்திருப்பவர் கேள்விக்குப் பதில் சொல்வார். வகுப்பு கலகலன்னு இருக்கும். ஆனால் ஒன்றை யோசித்துப் பாருங்கள். பந்துக்குப் பதிலாகச் சீட்டுக் குலுக்கிப் பெயர் எடுத்தால் பாடம் மாறுமா? மாறாது என்றால், பந்து ஆள் பிடிக்க மட்டும்தான் உதவியிருக்கிறது. எறிவதில் பாடம் எதுவும் இல்லை.

இதோடு அஞ்சாங்கல்லை ஒப்பிடுங்கள். மலேசியப் பிள்ளைகளுக்கு இது 'பத்து செரம்பான்'. ஒரு கல்லை மேலே எறிந்து, அது இறங்குவதற்குள் கீழே உள்ளவற்றை அள்ள வேண்டும். முதலில் ஒவ்வொன்றாக, அடுத்து இரண்டிரண்டாக, பிறகு மூன்றும் ஒன்றும், அப்புறம் நான்கும் ஒரே பிடியில். 4-ஐப் பிரிக்கும் வழிகள் ஆட்டத்துக்குள்ளேயே இருக்கின்றன. "ஒரு வழி விட்டுப்போச்சே, எது?" என்று கேளுங்கள். இரண்டு, ஒன்று, ஒன்று எனக் கண்டுபிடிப்பவரே அதற்கொரு சுற்றை அமைக்கட்டும்.

டின்னைக் குறிபார்த்து எறிவதும் அப்படித்தான். 1, 2, 3 மீட்டர் தூரத்திலிருந்து தலா 10 முறை எறியச் சொல்லுங்கள். எத்தனை பட்டது என்று குறித்தால் கணிதத்துக்குப் பட்டைக்குறிவரைவு தயார். ஆளும் பந்தும் மாறாமல் தூரம் மட்டும் மாறுவதால் அறிவியலில் மாறிகளை விளக்கலாம். தமிழுக்கோ, 'கவின் பந்தை எறிந்தான்', 'கவினால் பந்து எறியப்பட்டது' என்று செய்வினையும் செயப்பாட்டுவினையும் கண்முன்னே நடக்கின்றன.

இதிலும் ஒரு சிக்கல் உண்டு. குறி தவறியவரை 'அவுட்' என்று ஓரமாக உட்கார வைத்தால், பயிற்சி அதிகம் தேவைப்படும் பிள்ளைதான் சும்மா இருக்கும். சிரிப்புக்கும் ஆளாகும். தவறிய எறியும் தரவுதான். அதையும் எழுதச் சொல்லுங்கள். எல்லாரும் 10 எறியையும் முடிக்கட்டும். எல்லாப் பாடத்துக்கும் எறிதல் பொருந்தாது என்பதையும் மறக்க வேண்டாம். திருக்குறளின் பொருளை விளக்கப் பந்து தேவையில்லை.

தேர்வு எழுதும் மாணவர்களே, உங்களுக்கும் இதில் வேலை உண்டு. அஞ்சாங்கல் ஆடும் முறையை 80 சொற்களில் எழுதுங்கள். எதற்குப் பிறகு எது என்ற வரிசை தவறினால் ஆட்டமே புரியாது. எழுதியதை ஆடத் தெரியாத ஒருவரிடம் கொடுங்கள். அவர் அதைப் படித்தே ஆடிவிட்டால், உங்கள் எழுத்து தேறிவிட்டது.