சோறும் இடமும்

பள்ளிக்கூடத்திற்கு வாயில்கள் இரண்டு. பிள்ளைகள் உள்ளே புகுவது ஒன்று. வளர்ந்தபின் வெளியேறுவது மற்றொன்று. முதல் வாயிலைப் பற்றி நாம் நிறையப் பேசியிருக்கிறோம். இரண்டாம் வாயிலைப் பற்றிப் பேசியது குறைவு. ஏனைய மாணாக்கர்க்கு இதனால் பெருந்தீங்கு இல்லை. அவர்கள் தாமே வழி கேட்டுச் சென்றுவிடுவர். அறிவுத்திறன் குறைபாடோ ஆட்டிசமோ உடைய மாணாக்கர்க்கு அவ்வாறன்று. பத்துப் பன்னிரண்டு ஆண்டுகளாகக் காலைதோறும் புளோக்கின் கீழ் வந்து நின்ற பள்ளிப் பேருந்து ஒருநாள் வராமல் நின்றுவிடும். மறுநாட் காலையில் அவ்விளைஞர் எங்கே செல்வார்? இக்கேள்விக்குச் சிங்கப்பூர் கூறும் விடையையும், அவ்விடையில் தமிழராகிய நாம் நிரப்பாமல் விட்டிருக்கும் பகுதியையும் ஆராய்வதே இக்கட்டுரையின் நோக்கமாகும்.

செய்யப்பட்டவை

குறை கூறுமுன் நிறை கூறுதல் முறை. அறிவுத்திறன் குறைபாடுடைய பிள்ளைகளுக்கென 1962-இல் இங்கே ஒரு சங்கம் தோன்றியது. இன்று மைண்ட்ஸ் என்று வழங்கும் அமைப்பு அதுவே. 1976-இல் ஏபிஎஸ்என் அமைப்பும், 2004-இல் ஆட்டிசம் உடைய மாணாக்கர்க்கான பாத்லைட் பள்ளியும் பிறந்தன. கட்டாயக் கல்விச் சட்டம் 2003-இல் நடைமுறைக்கு வந்தபொழுது சிறப்புக் கல்விப் பள்ளிகளுக்குரிய பிள்ளைகள் அதற்கு விலக்காக இருந்தனர். 2019-இல் தொடக்கநிலை ஒன்றில் சேரும் வயதினர் முதற்கொண்டு அவ்விலக்கு நீங்கியது. முதல் வாயில் இவ்வாறு சட்டத்தினாலேயே திறந்து வைக்கப்பட்டது.

இரண்டாம் வாயிலிலும் முயற்சிகள் இல்லாமல் இல்லை. சிறப்புக் கல்விப் பள்ளி மாணாக்கர் பெரும்பாலும் 18 வயதில் பள்ளியை விடுகின்றனர். தொழிற்சான்றிதழ் பெறும் பிரிவில் பயில்வோர் 21 வரை இருப்பதுண்டு. பள்ளிக்குப் பிந்திய வாழ்வுக்குத் திட்டமிடும் வேலை 13 வயதளவிலேயே தொடங்குகிறது. 2013-இல் எஸ்ஜி எனேபல் அமைக்கப்பட்டது. 2014-இல், பள்ளியிலிருந்து வேலைக்கு மாறும் திட்டம் சில பள்ளிகளில் தொடங்கி, பின்னர் விரிவாக்கப்பட்டது. வேலைப் பயிற்சியாளர் ஒருவர் இளைஞருடன் பணியிடத்துக்கே சென்று பழக்குவது அதன் சிறப்பு. 2015-இல் லெங்கோக் பாருவில் எனேபளிங் வில்லேஜ் திறக்கப்பட்டது. 2023-இல் தெம்பினிசில் உடற்குறையுள்ளோர்க்கான சேவை நடுவம் ஒன்று தோன்றியது. இவை அனைத்தும் பாராட்டுக்குரியன.

அளவுகோலின் குறை

எனினும், ஒரு செயலின் போக்கை அதன் நோக்கவுரையைக் காட்டிலும் அதனை அளக்கும் கோல் நன்கு காட்டும். 2022-இல் வெளிவந்த எனேபளிங் மாஸ்டர்பிளான் 2030 என்னும் பெருந்திட்டம் வாழ்நாள் கல்வி, தற்சார்பான வாழ்வு, அனைவரையும் உள்ளடக்கும் சூழல் என்னும் மூன்று பொருள்களைக் கூறுகிறது. ஆயினும் அதைப் பற்றிய பேச்சில் பெரிதும் அடிபடுவது ஓர் எண்தான். வேலை செய்யும் வயதிலுள்ள உடற்குறையுள்ளோரில் 40 விழுக்காட்டினர் 2030-க்குள் வேலையில் இருத்தல் வேண்டும் என்பதே அது.

இந்த நாற்பதில் அடங்குவோர் யார்? சக்கர நாற்காலியில் அமர்ந்து கணக்கெழுதும் பட்டதாரியும் அடங்குவர். பேருந்தின் எண்ணை அடையாளம் காண ஓராண்டு பயின்ற இளைஞரும் அடங்குவர். முன்னவர் போன்றோரைக் கொண்டே எண்ணிக்கையை நிறைத்துவிடலாம். பின்னவர் போன்றோர் ஒருவர்கூட வீட்டுப்படியைத் தாண்டாமல் இலக்கு எய்தப்பட்டது என்று அறிவித்துவிடவும் கூடும். இலக்கு முழுவதும் எய்தப்பட்டாலும் எஞ்சிய 60 விழுக்காட்டினரின் காலைப்பொழுது எவ்வாறு கழிகிறது என்பதை அவ்வெண் சொல்லாது.

இக்குறை சிங்கப்பூருக்கு மட்டும் உரியதன்று. 1984-இல் அமெரிக்கக் கல்வித் துறையைச் சேர்ந்த மேடலின் வில் என்பார், பள்ளியிலிருந்து வேலைக்குச் செல்லும் பாலங்கள் என்று இம்மாற்றத்தை உருவகித்துக் கொள்கை வகுத்தார். அடுத்த ஆண்டே ஆண்ட்ரூ ஹால்பெர்ன் என்னும் அறிஞர் அதனை மறுத்தெழுதினார். பாலத்தின் மறுகரை வேலையன்று, சமுதாய வாழ்வே என்பது அவர் கட்சி. அவ்வாழ்வை வேலை, வாழுமிடம், மனித உறவுகள் என்னும் மூன்று தூண்கள் தாங்குகின்றன. ஒன்று உறுதியாக நிற்பதனாலேயே மற்றவையும் உறுதி பெற்றுவிடுவதில்லை என்று அவர் காட்டினார். நல்ல வேலையில் இருந்தும் ஞாயிற்றுக்கிழமை சேர்ந்து நடக்க ஒரு நண்பர் இல்லாதவர் உண்டு. வேலையே இல்லாதிருந்தும் தெருவெல்லாம் பெயர் சொல்லி அழைக்கும் பேறு பெற்றவர் உண்டு. 2012-இல் நம் கல்வி அமைச்சு வெளியிட்ட சிறப்புக் கல்விப் பாடத்திட்டச் சட்டகமும் வாழ்தல், கற்றல், உழைத்தல் என்று வரிசைப்படுத்தி வாழ்தலையே முதலில் வைத்தது. நாமோ மூன்றாவதை மட்டும் எண்ணிக்கொண்டிருக்கிறோம்.

மூன்றாம் தூணாகிய மனித உறவை எந்த அமைச்சும் கட்டித் தர இயலாது. அது மக்களின் வேலை. ஆகவே இனி நம்மை நாமே ஆராய்ந்துகொள்ள வேண்டும்.

பெயரும் பன்மையும்

நாம் வழங்கும் சொல்லிலிருந்தே தொடங்குவோம். சிங்கப்பூர்த் தமிழில் ‘உடற்குறையுள்ளோர்’ என்னும் சொல் நிலைபெற்றுவிட்டது. மேலே நாமும் அதனையே ஆண்டோம். ஆனால் அறிவுத்திறன் குறைபாடுடையவர்க்கு உடலில் யாதொரு குறையும் இல்லாதிருக்கலாம். அவரைக் குறிக்கும் பொதுப்பெயரே அவரை விட்டுவிடுகிறது. தமிழ்நாட்டில் வழங்கும் ‘மாற்றுத்திறனாளி’ மதிப்பான சொல்லே. ஆயினும் குறை இன்னதென்று சொல்லக் கூசுகின்றது. மைண்ட்ஸ் அமைப்பு, தொடக்கத்தில் தன் பெயரில் இருந்த, இன்று இழிவாகக் கருதப்படும் சொல்லை 1985-இல் நீக்கிவிட்டது. நாம் இன்னும் தக்க சொல்லைத் தேடிக்கொண்டிருக்கிறோம்.

பெயர்ச்சொல்லினும் பெரிய குற்றம் நம் வினைமுற்றில் இருக்கிறது. தமிழில் ஒருவரை மதித்துப் பேச ‘அவர்’ என்ற பன்மை உண்டு. மளிகைக் கடைக்காரரையும் அறிமுகமில்லா வழிப்போக்கரையும் அவ்வாறே சுட்டுகிறோம். ஆனால் முப்பது வயது நிறைந்த ஒருவர் மெல்லப் பேசுபவராகவும் மெல்ல விளங்கிக்கொள்பவராகவும் இருந்தால், நம் நாக்கு தானாகவே ‘அவன்’ என்கிறது. ‘பாவம், குழந்தை மாதிரி’ என்றும் சேர்த்துக்கொள்கிறது. பள்ளி அவரைப் பெரியவராக்கி அனுப்புகிறது. நம் இலக்கணம் அவரை மீண்டும் பிள்ளையாக்கிவிடுகிறது.

பழைய நூல்களின் சான்று

இம்மனப்பான்மை இன்று நேற்றுத் தோன்றியதன்று. புறநானூற்றின் 28-ஆம் பாட்டில் உறையூர் முதுகண்ணன் சாத்தனார், சோழன் நலங்கிள்ளிக்கு அறமுரைக்கும்பொழுது, குறைபட்ட பிறப்புகள் எட்டினை எண்ணிக் காட்டுகிறார். அறிவு மயக்கத்தைக் குறிப்பதாகக் கொள்ளப்படும் ‘மருள்’ அவற்றுள் ஒன்று. இப்பிறப்புகளால் பயன் இல்லை என்பது அங்கே கருத்து. மணிமேகலைக் காப்பியம் இதனினும் கனிந்த உள்ளம் உடையது. ஆபுத்திரன் மதுரையில் குருடர், செவிடர், முடவர் முதலானோரைத் தேடி அழைத்து உண்பித்தபின் எஞ்சியதையே தான் உண்டான். பின்னர் அமுதசுரபி அவன் கைக்கு வந்தது. அக்காலத்தில் பசி தீர்த்ததே பேரறம் என்பதில் ஐயமில்லை. எனினும் அங்கும் ஊட்டுவோர் ஒருவர், உண்போர் பலர். உண்டபின் அவர்கள் எங்குச் சென்றனர் என்று காப்பியம் கேட்கவில்லை.

வள்ளுவரும் இங்கே நினைக்கத்தக்கவர். பொறி இன்மை எவர்க்கும் பழியாகாது. அறியவேண்டுவன அறிந்து முயலாமையே பழி என்பது ஆள்வினையுடைமை அதிகாரத்தில் அவர் கருத்து. பொறி என்பதற்குப் பரிமேலழகர் விதி என்று பொருள் கொண்டார். உறுப்பு என்று கொள்வாரும் உளர். எவ்வாறு கொண்டாலும், பழி நீங்கும் வழியாகக் கூறப்படுவன அறிவும் முயற்சியும். அறிதலே மெதுவாக நிகழும் ஒருவர்க்கு இக்குறள் யாது ஆறுதல் தரும்? அவர் முயற்சிக்குத் துணைநிற்கும் கடமை பிறர்க்கு உண்டு என்று நாம் சேர்த்துப் படித்தாலொழிய, அது அவர்க்கு மற்றுமொரு மூடிய கதவாகவே இருக்கும்.

சோறிடும் அறம் நம்மிடம் குறைவின்றி வளர்ந்தது. இடந்தரும் அறம் வளரவில்லை. பிறந்தநாளுக்கும் நினைவுநாளுக்கும் இல்லங்களுக்கு உணவு அனுப்புகிறோம். நம் கடையில், கோயிலில், சங்கத்தில் அவர்களுள் ஒருவர்க்கு நாள்தோறும் நிற்க ஓர் இடம் உண்டா என்று கேட்டால் தலை குனிகிறோம்.

தேக்காவில் கற்கவேண்டிய பாடம்

அறிவுத்திறன் குறைபாடுடையோர் ஓரிடத்தில் கற்றதை மற்றோரிடத்தில் தாமே பொருத்திக்கொள்வது அரிது. வகுப்பறையில் அமைத்த பொய்க்கடையில் பிழையின்றிக் காசெண்ணும் மாணவர், தேக்காச் சந்தையின் இரைச்சலிலும் நெரிசலிலும் திகைத்து நிற்பார். லிட்டில் இந்தியா நிலையத்தில் 2003-இல் வந்த ஊதாத் தடமும் 2015-இல் வந்த நீலத் தடமும் சந்திக்கின்றன. ஒன்றிலிருந்து மற்றொன்றுக்கு மாறுவதைப் படத்தில் கற்பிக்கலாகாது, நடந்தே கற்பிக்க வேண்டும். ஆகவே பாடம் நிகழவேண்டிய இடம் பள்ளியன்று, தெருவே. தெரு ஆசிரியராக இசைந்தாலன்றிப் பள்ளியின் உழைப்பு பாதியில் நின்றுபோகும்.

இங்கே மொழியும் குறுக்கிடுகிறது. சிறப்புக் கல்விப் பள்ளிகளின் பயிற்று மொழி ஆங்கிலம். தமிழ் பேசும் வீட்டு இளைஞர் பொருளின் பெயரையும் விலை கேட்கும் முறையையும் ஆங்கிலத்தில் கற்கிறார். சிராங்கூன் சாலைப் பூக்கடையிலோ, பாட்டியின் வீட்டிலோ, கோயிற் பந்தியிலோ அச்சொற்கள் வேறு. இரண்டு மொழி பிள்ளையைக் குழப்பும் என்று அஞ்சித் தமிழைக் கைவிடும் பெற்றோரும் உளர். இவ்வச்சத்திற்குப் போதிய அடிப்படை இல்லை. கனடாவில் எலிசபெத் கே-ரெயினிங் பேர்டும் உடனாய்வாளர்களும் 2005-இல் வெளியிட்ட ஆய்வில், டௌன் சிண்ட்ரோம் உடைய இருமொழிப் பிள்ளைகள், அதே நிலையுடைய ஒருமொழிப் பிள்ளைகளைவிட ஆங்கிலத்தில் பின்தங்கவில்லை. தமிழைப் பறித்துவிட்டால் அவ்விளைஞர்க்குக் கூடுவது ஒன்றுமில்லை. பாட்டியும் பூக்கடையும் பந்தியும் அவர்க்கு அயலாகிவிடும் என்பதே மிச்சம்.

மறுப்பும் விடையும்

‘கடையில் கூட்டம் நிற்கிறது, ஒருவர் காசெண்ணும் வரையில் காத்திருக்க முடியுமா?’ என்று வணிகர் கேட்பர். ஞாயிறு மாலையில் இயலாதுதான். செவ்வாய்க் காலை பத்து மணிக்கு இயலும். ‘வெளியே விட்டால் ஏதேனும் நேர்ந்துவிடுமே’ என்று பெற்றோர் அஞ்சுவர். அவ்வச்சம் நேர்மையானது. ஆனால் தெருவில் நூறு பேர்க்கு அறிமுகமானவர், ஒருவர்க்கும் அறிமுகமாகாதவரைவிடக் காப்புடையவர் அல்லரோ?

பெற்றோரின் பேரச்சம் வேறொன்று: எங்களுக்குப் பின் யார்? 2008-இல் இயற்றப்பட்ட மனவளத் திறன் தொடர்பான சட்டப்படி, 21 வயது கடந்த பிள்ளைக்காக முடிவெடுக்கப் பெற்றோர் நீதிமன்றத்தின் வழி உரிமை பெறலாம். சேமிப்பைப் பேணச் சிறப்புத் தேவையுடையோர்க்கான அறநிதிக் குழுமமும் உண்டு. சட்டம் பணத்தைக் காக்கும், கையொப்பத்தைக் காக்கும். ‘இரண்டு நாளாக அவரைக் காணோமே’ என்று தேடி வரும் அண்டை வீட்டாரை எந்தச் சட்டமும் தாராது. 2013-இல் சிங்கப்பூர் ஏற்புறுதி செய்த ஐக்கிய நாடுகளின் உடன்படிக்கை, சமுதாயத்தினுள் வாழும் உரிமை என்று கூறுவது இத்தகைய உறவு வாழ்வையும் சேர்த்தே ஆகும்.

செய்யவேண்டுவன பெரியன அல்ல. கோயில் அன்னதானத்தில் இவர்கள் உண்போர் வரிசையில் இருக்கிறார்கள். பரிமாறுவோர் வரிசையிலும் வாரம் ஒருநாள் நிற்கட்டும். சாலைக் கடைகளுள் சில, பயிற்சிக்கு வரும் இளைஞர்க்கு ஓய்வான ஒரு மணி நேரத்தை ஒதுக்கட்டும். தமிழ் அமைப்புகள் தம் பொங்கல் விழாவில் அவர்களை மேடையேற்றிக் கைதட்டி அனுப்புவதோடு நில்லாமல், நாற்காலி அடுக்கும் குழுவில் பெயரெழுதிச் சேர்க்கட்டும்.

இவை எல்லாவற்றிற்கும் முன்னே செய்யவேண்டுவது ஒன்றுண்டு. அதற்குக் காசும் இடமும் வேண்டா. கடைமுன் தாயும் வளர்ந்த மகனும் நிற்கிறார்கள். கடைக்காரர் தாயைப் பார்த்து, ‘அக்கா, அவனுக்கு என்ன வேணுமாம்?’ என்று கேட்கிறார். மகன் அருகிலேயே நிற்கிறார். கேள்வி அவரைத் தொடாமல் கடந்து செல்கிறது. பன்னிரண்டு ஆண்டுப் பள்ளிப் பயிற்சி அந்த ஒரு நொடியில் வீணாகிறது. கடைக்காரர் சற்றே திரும்பி, ‘தம்பி, உங்களுக்கு என்ன வேணும்?’ என்று கேட்டு, விடை வரும்வரை காத்திருப்பாரானால், இரண்டாம் வாயில் அங்கே திறந்ததாகக் கொள்ளலாம்.